பாயில் பூத்த எழுத்து

பொதிய மலையிற் பிறந்து, பொருநை என்னும் பழம்பெயரும் தாங்கி வரும் தாமிரபரணி, திருநெல்வேலிச் சீமைக்கு நெல்லை மட்டும் வழங்கவில்லை. அதன் நீர் பாயும் கரைகளிலே கோரையும் தழைத்து வளர்கின்றது. அக்கோரையைப் பட்டினும் மெல்லியதாக்கிப் புகழ் பெற்ற ஊர் பத்தமடை. சேரன்மாதேவிக்கு அருகே உள்ள அவ்வூரில், தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருவோர் பெரும்பாலும் இசுலாமியர். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி.

பச்சைக் கோரையை நுண்ணிய இழைகளாகக் கிழித்து, உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைப்பர். ஊறிப் பருத்த இழையை மீண்டும் உலர்த்திச் சாயம் தோய்ப்பர். பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக விரித்து, நீண்ட குச்சியின் முனையில் கோரையைப் பூட்டி, ஓர் இழைக்குப்பின் ஓர் இழையாகச் செலுத்துவர். இவ்வாறு நெய்த உயர்ந்த பாயைப் பட்டாடைபோல் மடித்து வைக்கலாம்.

திருமணப் பாயில் மற்றொரு சிறப்பும் உண்டு. மணமக்களின் பெயர்களையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தருவர். ஏட்டில் எழுதுவோன் எழுத்தை விரும்பியவாறு வளைப்பான். தறியிலோ பாவு நெடுகச் செல்லும். ஊடை குறுக்கே செல்லும். வளைவுக்கு அங்கே இடம் இல்லை. நமது ‘ழ’கரத்தையும் ‘ண’கரத்தையும் நெய்ய வேண்டுமாயின், வளைவைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து இழைகளை எண்ணி அமைத்தல் வேண்டும். ஓரிழை தவறினாலும் எழுத்து சிதையும். ஏட்டிலாயின் பிழையை அடித்துத் திருத்தலாம். பாயிலோ நெய்ததை இழை இழையாகப் பிரித்தே திருத்தல் வேண்டும்.

துணியில் எழுத்தை அமைக்கும் கலை இசுலாமிய உலகில் மிகப் பழமையானது. கலீபாக்களின் காலத்தில் ஆடையின் கரையில் அரசர் பெயரையும், நெய்த ஊரையும் ஆண்டையும் பொறித்தனர். அக்கரைக்குத் ‘திராசு’ என்பது பெயர். அவ்வாடையை அரசர் கையாற் பெறுதல் பெருஞ் சிறப்பாகக் கருதப்பட்டது. கோணங்கள் மிகுந்த ‘கூபி’ என்னும் அரபு எழுத்து தறிக்கு நன்கு பொருந்தியது. மக்காவிலுள்ள கஃபாவைப் போர்த்தும் கரும்பட்டில் இன்றும் திருக்குர்ஆன் வசனங்கள் பொன்னிழையாலும் வெள்ளியிழையாலும் பொறிக்கப்படுகின்றன.

தாமிரபரணி கடலொடு கலக்கும் காயல் துறையில் அரபு நாட்டு வணிகர் முற்காலத்திலேயே வந்து தங்கினர். அரபு எழுத்தால் தமிழை எழுதும் அரபுத்தமிழும் தமிழ் முசுலிம்களிடையே வளர்ந்தது. எனினும், பாயில் இறைவசனத்தை நெய்தல் பொருந்தாது. பாய் காலடியில் விரிக்கப்படுவது. திருமொழியோ காலடியில் கிடத்தற்கு உரியதன்று. எங்கே எழுதலாகாது என்பதையும் அறிந்திருத்தல் எழுத்துக்குச் செய்யும் மரியாதையன்றோ?

பாய் நெய்யும் அக்கைகள், பிற சமயத்து மணமக்களின் பெயர்களையும் தம் இல்லத்தார் பெயர்போல் எண்ணிக் கருத்துடன் நெய்கின்றன. சமயம் வேறாயினும் மணப்பாய் ஒன்றே. ஆற்றுநீர் எவ்வயலுக்கும் ஒன்றுபோற் பாய்வது போன்றதே இவ்வுறவும்.

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. ஆயினும், நெகிழிப் பாய்கள் மலிந்த இந்நாளில், நுண்ணிய பாய் ஒன்றிற்குப் பல நாள் உழைப்போர் பெறும் கூலி சிறிது. மகளுக்கு இத்தொழிலைக் கற்பிப்பதா என்று தாய் தயங்குகின்றாள். அத்தயக்கத்தைப் போக்கும் கடமை, பாயை வாங்குவோர்க்கும் உண்டு. உழைப்பிற்கேற்ற விலை கொடுப்போமாயின், தாய் தன் கைத்திறனை மகளுக்கு மகிழ்ந்து கற்பிப்பாள். பிறர் பெயரைப் பாயில் நெய்யும் அப்பெண்கள் தம் பெயரை எங்கும் பொறிப்பதில்லை. பிழையின்றி அமைந்த ஒவ்வோர் எழுத்திலும் அவர்தம் உழைப்பைப் படித்தல் நம் கடன்.