அந்நியர் வாசிக்கும் முதல் வரி



1871-ஆம் ஆண்டில் கிளெர்மோன்-கன்னோ என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் எருசலேமில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். தேவாலயத்தின் உட்பிராகாரத்தைச் சுற்றியிருந்த தடுப்புச் சுவருக்குரிய கல் அது. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புறஜாதியார் ஒருவரும் அந்த எல்லையைத் தாண்டலாகாது, தாண்டிப் பிடிபடுகிறவன் தன் மரணத்துக்குத் தானே பொறுப்பாளி என்பது அதன் செய்தி. அது கிரேக்க மொழியில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்நியருக்குத் தெளிவாகப் புரியவேண்டுமென்று அவர்கள் அறிந்த மொழியிலேயே எழுதினார்கள். விலக்கி வைப்பதற்கு எத்தனை அக்கறை!

எபேசியனாகிய துரோப்பீமுவை அந்த எல்லைக்குள் அழைத்துவந்தார் என்று எண்ணியே ஜனங்கள் பவுலைப் பிடித்தார்கள் (அப்போஸ்தலர் 21). எபேசியருக்கு எழுதிய நிருபத்திலோ, கிறிஸ்து அந்த நடுச்சுவரையே தகர்த்துவிட்டார் என்ற நற்செய்தி ஒலிக்கிறது (எபேசியர் 2:14).

சுவர் இடிந்துபோனது உண்மை. ஆயினும், அது இடிந்த செய்தி அந்நியருக்குப் புரியும்படி எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் தம் அனுபவத்தை என்னிடம் பகிர்ந்துகொண்டார். அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். மனைவியின் சிகிச்சைக்காக ஒரு பெருநகரத்தில் தங்கியிருந்தபோது, ஜெபிக்க ஓர் இடம் வேண்டுமென்று உள்ளம் ஏங்கியது. அருகிலிருந்த சபையின் இணையதளத்தைக் கைப்பேசியில் பார்த்தார். மூலைக்கல் நாட்டிய வரலாறு, கமிட்டியார் பெயர்கள், கட்டட நிதிக்கான வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருந்தன. "நான் வரலாமா என்பது மட்டும் அதில் இல்லை, ஐயா" என்றார். மூன்று ஞாயிறு வாசல்வரை சென்று திரும்பினார். நான்காம் ஞாயிற்றுக்குள் மனைவியின் சரீரத்தோடு ஊருக்கு வந்துவிட்டார்.

அந்தச் சபையார் அவரை வெறுக்கவில்லை. அவர் தங்கள் வாசலில் நின்றதை அவர்கள் அறியவேயில்லை. இக்காலத்தில் பலர் நம் வாசற்படியை முதலில் மிதிப்பது இணையதளத்தில்தான். அங்கே நாம் எழுதுவதெல்லாம் நமக்கு நாமே எழுதிக்கொள்வதாயிருந்தால், அவர்கள் சத்தமின்றித் திரும்பிவிடுவார்கள்.

வருகிறவர் அறியவிரும்புவது சிறிய காரியங்களே. ஆராதனை எத்தனை மணிக்கு, எந்த மொழியில்? எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கவேண்டும்? செருப்பை வெளியே கழற்ற வேண்டுமா? பெண்கள் முக்காடிட வேண்டுமா? காணிக்கை கட்டாயமா? திருவிருந்து நேரத்தில் என்ன செய்வது? சக்கர நாற்காலி உள்ளே வருமா? இவற்றுக்கு எளிய தமிழில் விடை எழுதுங்கள். "ஸ்தோத்திர பண்டிகை", "உபவாசக் கூடுகை" என்று மட்டும் அறிவித்தால் புதியவருக்கு அது பூட்டிய கதவே. அழைத்தால் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். காணிக்கைக் கணக்கு எண் கடைசியில் இருந்தால் போதும்.

எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தருகே பிலிப்பு ஓடிச்சென்று, அவன் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே பேசத் தொடங்கினான். அந்நியரின் கேள்வியிலிருந்து தொடங்குவதே சுவிசேஷத்தின் வழி.

இந்த வாரம் நம் சபையை அறியாத அயலார் ஒருவரிடம் நமது இணையதளத்தைக் காட்டி, "இதைப் பார்த்தால் வரத் தோன்றுகிறதா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எதிர்வாதமின்றிக் கேட்டு, எனக்குத் தெரிவியுங்கள்.

வாசலில் தயங்கி நிற்போரைக் காணும் கண்களைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.