ஏ/எல்

கெப்பாலா பத்தாஸில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டோர் அண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, சிஸ்டம் என்னை உள்ள விட மாட்டேங்குது. நான் இன்னும் வேலையிலதானே இருக்கேன்?"

அவர் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. குரலில் விளையாட்டு இல்லை.

காரணம், வெள்ளிக்கிழமை மாலை நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளைப் பூட்டுவதற்காக எழுதியது. லினக்ஸில் 'பாஸ்வேர்ட்' கோப்பில் ஆளுக்கு ஒரு வரி இருக்கும். ஒரு வரியில் ஏழு விவரங்கள். அவற்றைப் பிரிப்பது முக்காற்புள்ளி. முதலில் பயனர் பெயர், ஐந்தாவதாக முழுப்பெயர். அந்த ஐந்தாவது இடத்துக்கு 'ஜீகாஸ்' என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் வேறொரு கணினிக்கு அச்சு வேலைகளை அனுப்ப வேண்டியிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

போனவர்களின் வரிகளைத் தனியே எடுத்து, 'ஃபார்' சுற்றில் விட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் முக்காற்புள்ளி வரை இருப்பதே பயனர் பெயர் என்பது என் கணக்கு. ஆனால் 'ஃபார்' வரி வரியாக எடுக்காது. இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டும். நம் பெயர்களோ இடைவெளியால் ஆனவை: பெயர், 'ஏ/எல்', அப்பா பெயர்.

முதல் துண்டில் போனவரின் கணக்கு சரியாகப் பூட்டப்பட்டது. இரண்டாவது துண்டில் 'ஏ/எல்' என்ற பயனரைத் தேடி, அப்படி ஒருவர் இல்லை என்றது. மலாய்ப் பெயர்களின் 'பின்'னுக்கு அந்தப் பிழைகூட வரவில்லை. 'பின்' என்று லினக்ஸிலேயே ஒரு கணக்கு உண்டு. மூன்றாவது துண்டு அப்பாவின் பெயர். யாரோ எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் பதிந்து வைத்திருந்தார்கள். ஸ்டோர் அண்ணனின் பயனர் பெயரும் அதுவே.

பிழைச் செய்திகள் திரையில் ஓடியதை அன்றே பார்த்தேன். வெள்ளிக்கிழமை. கிளம்பிவிட்டேன்.

திருத்தம் ஒரு வரிதான். 'ஃபார்' இருந்த இடத்தில் 'வைல் ரீட்', பிரிக்கும் குறியாக முக்காற்புள்ளி. முழுப்பெயர் உடையாமல் வந்தது.

"என் தப்புண்ணே" என்றேன்.

"தோட்டத்துல எங்கப்பா விடியக்காலையில பெரட்டுல நிப்பாரு. கிராணி பேரு கூப்பிடலைன்னா அன்னிக்கு வேலை இல்ல. ஏன்னு கேக்க முடியாது. நான் உன்கிட்ட வந்து கேட்டேனே" என்றார்.

இப்போதெல்லாம் எந்தக் கணக்கைப் பூட்டுவதற்கு முன்னும் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்து வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள்.

அன்று அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால் கடவுச்சொல்லை அடித்தார்.

"ஆ, உள்ள போயிருச்சு" என்றார்.