பழைய உடையும் சொந்தப் பாணியும்

ஒருவர் உடுத்திக் கழித்த ஆடையை இன்னொருவர் விரும்பித் தேடி வாங்கித் தனக்கென ஒரு தோற்றத்தை அமைத்துக்கொள்வது உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இன்று பரவலான பழக்கம். லண்டனின் போர்ட்டபெல்லோ சாலையும் டோக்கியோவின் ஷிமோகிதாசாவாவும் பழைய உடைக் கடைகளுக்குப் பெயர்பெற்ற வட்டாரங்கள். விலை மலிவு இதற்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் தேர்வு. புதுத்துணிக் கடையில் தொங்குபவை அந்தப் பருவத்துக்கென்று நிறுவனங்கள் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்தவை. நிறமும் காலர் அகலமும் பேன்ட்டின் இறக்கமும் எல்லாக் கடைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பழைய உடைக் கடையிலோ 1970களின் அகலக் காலர் சட்டையும், யாரோ ஒரு மூதாட்டியின் கம்பளிக் கோட்டும், சென்ற ஆண்டின் டீ-சர்ட்டும் ஒரே கம்பியில் தொங்கும். எது அழகு என்று அங்கே யாரும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை. அந்தத் தீர்மானம் முழுவதும் வாங்குபவர் கைக்கு வருகிறது. தன் ரசனை எது என்பதை ஒருவர் கண்டுகொள்ள அந்தக் கடை உதவுவது இதனால்தான்.

பழைய உடையின் மதிப்பு காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. துணி ஆலைகள் வருவதற்கு முன்பு துணி விலை உயர்ந்த பொருள். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் செல்வரின் கோட்டு அவருடைய வேலையாளுக்குப் போகும். அவரிடமிருந்து வியாபாரிக்கும், வியாபாரியிடமிருந்து கூலித் தொழிலாளிக்கும் கைமாறும். அந்நகரின் மான்மவுத் தெரு இந்த வியாபாரத்துக்குப் பேர்போனது. சார்லஸ் டிக்கன்ஸ் இளமையில், 1830களில், அத்தெருவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடையில் தொங்கும் உடைகளைப் பார்த்து, அவற்றை அணிந்திருந்தவர்களின் வாழ்க்கையை அதில் கற்பனையாக விரித்துச் சொல்கிறார். உடை மனிதரின் அடையாளத்தைத் தாங்கி நிற்கும் என்பதை அன்றே உணர்ந்த எழுத்து அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயத்த ஆடைகள் மலிவானபோது பழைய உடை ஏழைகளுக்கு உரியது என்றாகிவிட்டது. விற்பனையும் பெருமளவு அறக்கட்டளைகளின் கைக்கு மாறியது. பாஸ்டனில் 1902-இல் தொடங்கிய குட்வில், ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் 1947-இல் கடை திறந்த ஆக்ஸ்ஃபாம் ஆகியவை இந்த வழியில் வந்தவை.

இளைஞர்கள் அந்தக் கடைகளுக்குத் தாமாகவே தேடி வரத் தொடங்கியது 1960களில். போர்ட்டபெல்லோ சாலையில் பழைய ராணுவச் சீருடைகளை விற்ற கடை ஒன்று அக்காலத்தில் புகழ்பெற்றது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அணிந்த, மார்பெங்கும் சரிகைப் பின்னல் கொண்ட பழைய குதிரைப்படைக் கோட்டு அந்தத் தலைமுறையின் அடையாளங்களில் ஒன்றாயிற்று. பேரரசின் படைக்குத் தைத்த உடையை ஒரு கறுப்பினக் கலைஞர் மேடையில் அணிந்தபோது, அந்த உடையின் பொருளே மாறியது. ஒரே கோட்டு, அணிபவர் யார் என்பதைப் பொறுத்து வேறொன்றைப் பேசும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1990களின் தொடக்கத்தில் இன்னொரு எடுத்துக்காட்டைத் தந்தது. மரவெட்டித் தொழில் மிகுந்த குளிர்ப் பகுதி அது. தொழிலாளர்கள் அணியும் கட்டம் போட்ட தடித்த ஃபிளானல் சட்டைகள் பழைய உடைக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. கையில் காசில்லாத இசைக்குழுவினர் அவற்றையே அணிந்தார்கள். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்டிவி நிகழ்ச்சியில் அணிந்த பச்சை நிறப் பழைய கார்டிகனில் ஒரு பொத்தான் இல்லை. சிகரெட் சுட்ட ஓட்டையும் உண்டு. அதே கார்டிகன் 2019-இல் 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த எம்டிவி நிகழ்ச்சிக்கும் முன்பே, 1992-இல், வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் இந்தத் தோற்றத்தைப் பட்டுத் துணியில் உருவாக்கி பெரி எல்லிஸ் நிறுவனத்துக்காக மேடையேற்றினார். அந்தத் தொகுப்பின் விளைவாக வேலையை இழந்தார். கட்டங்களையும் தளர்ந்த வெட்டையும் பிரதி எடுக்க முடிந்தது. மலிவாகக் கிடைத்ததை வைத்துத் தன் விருப்பத்துக்கு உடுத்திய எளிமையைப் பட்டில் நெய்ய முடியவில்லை.

ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவில் இந்தத் தேர்வு ஒரு கலையாகவே வளர்ந்தது. மேற்கு நாடுகளில் கழிக்கப்பட்ட உடைகள் பேல் எனப்படும் பெரிய பொதிகளாக அங்கே வந்து சேர்வது 1980களின் நடுவிலிருந்து பெருகியது. மானுடவியலாளர் கேரன் ட்ரான்பெர்க் ஹான்சென் பல ஆண்டுகள் அங்கே ஆய்வு செய்து 2000-இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். சந்தையில் உடைகளை இஸ்திரி போடாமல், பேலில் அமுங்கிய மடிப்போடு அப்படியே தொங்கவிடுவார்கள். உள்ளூரில் யாரும் இன்னும் உடுத்தவில்லை என்பதற்கு அந்தச் சுருக்கமே சாட்சி. மக்கள் தேடுவது, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்றை. வாங்கிய கையோடு தையற்காரரிடம் கொடுத்து உடம்புக்குத் தக மாற்றிக்கொள்வார்கள். வெளியார் பார்வைக்கு அது பிறர் கழித்தது. உடுத்துபவருக்கோ அது தன் திறமையால் தேர்ந்தெடுத்துத் தனக்கென ஆக்கிக்கொண்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. அணியத்தக்க பழைய உடைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டிலிருந்து வருவதில் பெரும்பங்கு வெட்டிச் சிதைக்கப்பட்டு ஹரியானாவின் பானிபட் ஆலைகளில் மறுநூலாகிப் போர்வையாகிறது. வீடுகளில் சேரும் துணி, பழைய துணிக்குப் பாத்திரம் தரும் வியாபாரிகள் வழியாகச் சந்தைக்குப் போகிறது. கொரோனாக் காலத்தில் இன்ஸ்டாகிராமில் பழைய உடைகளை விற்கும் சிறு கடைகள் பெருகின. கல்லூரி மாணவர்களும் இளம் ஊழியர்களும் அவற்றின் முதன்மை வாடிக்கையாளர்கள்.

ஆனால் பழைய உடையைப் பற்றிப் பேசும் எவரும் இந்நாட்டில் ஒன்றை மறக்கலாகாது. பழைய துணியே இங்கே இழிவின் அடையாளமாகத் திணிக்கப்பட்டிருந்தது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் பணி செய்யும் சூத்திரருக்கு மிச்ச உணவையும் பழைய உடையையும் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளர் இறந்தவர்களின் உடையையே உடுத்த வேண்டும் என்கிறது. அம்பேத்கர் கோட்டும் டையுமாக, ஒரு மடிப்பும் கலையாமல் பொதுவாழ்வில் நின்றதன் பொருள் இந்தப் பின்னணியில்தான் முழுமையாக விளங்கும். ஊர்தோறும் நிற்கும் அவருடைய சிலைகளும் அந்த உடையிலேயே நிற்கின்றன. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கடன் வாங்கியாவது பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கும் பெற்றோரின் பிடிவாதத்திலும் அதே மானம் இருக்கிறது. வேறு வழியின்றி வாங்கி உடுத்தும்போது அடிமைத்தனமாக இருந்த உடை, பலவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து உடுத்தும்போது சுதந்திரமாகிறது. இரண்டு இடத்திலும் துணி ஒன்றே. இடையில் நிற்பது தேர்ந்தெடுக்கும் உரிமை.

தமிழ்க் குடும்பங்களில் பழைய உடைக்கு அன்பின் முகம் ஒன்றும் உண்டு. அக்காவின் பாவாடை தங்கைக்கும், அண்ணன் சட்டை தம்பிக்கும் இறங்கி வரும். பிறந்த குழந்தைக்கு நைந்து மென்மையான பழைய நூல் புடவையில்தான் தூளி கட்டுவார்கள். பாட்டியின் பட்டுப்புடவை பேத்தியின் பாவாடையாகவோ சுரிதாராகவோ உருமாறும். இன்று இளம்பெண்கள் அம்மாவின் திருமணப் புடவையை வேறு நிற ரவிக்கையோடு, தமக்குப் பிடித்த முறையில் கட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள். புடவை அம்மாவுடையது, கட்டிய விதமும் உடன் அணிந்தவையும் மகளுடையவை. மரபையும் தன்னையும் ஒருசேர உடுத்திக்கொள்ள இது எளிய, அழகிய வழி.

நல்ல பழைய உடையைக் கண்டறியக் கைப்பழக்கம் வேண்டும். முதலில் துணியைத் தொட்டுப் பார்ப்பது: பருத்தியும் லினனும் துவைக்கத் துவைக்க மென்மையாகும், மட்டமான கலப்புத் துணி உரசும் இடத்தில் உருண்டு முடிச்சு முடிச்சாகும். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இழை தேய்ந்த இடத்தில் ஒளி ஊடுருவும். அக்குள், காலர் மடிப்பு, பேன்ட்டின் தொடை இடுக்கு, முழங்கால் ஆகியவை முதலில் நையும் இடங்கள். பழைய பட்டு, மடித்து வைத்த இடத்திலேயே இற்றுப்போகும் என்பதால் மடிப்பை விரித்துப் பார்ப்பது அவசியம். உடையை உள்பக்கம் புரட்டினால் தைத்தவரின் தரம் தெரியும். தையல் சீராக ஓடியிருக்கிறதா, பிரித்துத் தைக்க உள்ளே துணி விட்டிருக்கிறதா என்பவை அங்கேதான் இருக்கும். அளவுச் சீட்டை நம்பக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அளவு, ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் அளவு. தனக்கு நன்றாகப் பொருந்தும் சட்டையைக் கொண்டுபோய் மேலே வைத்து அளந்து பார்ப்பதே நம்பகமான வழி.

அடுத்த கட்டம் தையற்காரருடையது. இடுப்பைப் பிடிப்பதும், நீளத்தைக் குறைப்பதும், கையை ஏற்றுவதும் எளிய வேலைகள். தோள் பொருந்தாத கோட்டைச் சரிசெய்வதோ கடினம், கூலியும் கூடும். எனவே தோள் பொருந்தினால் வாங்கலாம், மற்றவற்றைத் தைத்துக்கொள்ளலாம் என்பது அனுபவசாலிகளின் விதி. காலர் நைந்த சட்டையைப் பிரித்து, காலரைத் திருப்பித் தைத்துக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் எல்லாத் தெருத் தையற்காரரிடமும் இருந்தது. டார்னிங் என்னும் இழையோட்டும் வேலை தெரிந்தவர் சிறு ஓட்டையை இழை தெரியாமல் மூடுவார். விரும்பினால் வேற்று நிற நூலில் அதே இடத்தை ஒரு பூவாகவும் மாற்றலாம். பொத்தான்களை மாற்றினாலே பாதிச் சட்டை புதிதாகிவிடும். இந்த வேலைகளின் போதுதான் பிறருடைய உடை தன்னுடையதாகிறது. எந்த நீளம் தன் உயரத்துக்கு ஒத்துவரும், எந்த நிறம் தன் தோல் நிறத்தோடு சேரும், எந்தத் தளர்ச்சியில் உடம்பு இயல்பாக இருக்கும் என்ற கேள்விகளுக்கு, கண்ணாடி முன் ஊசி குத்திப் பார்த்து ஒருவர் தானே விடை காண வேண்டியிருக்கிறது.

இந்த விடைகள் சேர்ந்ததுதான் பாணி. அது உருவாக நாளாகும். எப்போதும் கைநீட்டி எடுக்கும் உடைகள் எவை, வாங்கியும் அலமாரியில் கிடப்பவை எவை என்று கவனிப்பவருக்கு அது விரைவில் பிடிபடும். திரும்பத் திரும்ப அணிந்து, ஊரார் கண்ணில் அவருடையது என்றே பதிந்துவிட்ட ஓர் உடை, நூறு புது உடைகளைவிடத் தெளிவாக ஒருவரைச் சொல்லும்.

பழைய உடைக்கும் வரம்புகள் உண்டு. மலிவு என்பதற்காகக் குவித்தால் அதுவும் வீணடிப்பே. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் விற்காத பழைய உடைகள் குன்றுகளாகக் கொட்டப்பட்டிருக்கின்றன. மறுவிற்பனை என்ற பெயர் மட்டுமே எந்த உடையையும் குப்பையிலிருந்து காப்பாற்றிவிடாது. பெரிய அளவு உடம்புக்காரருக்குப் பழைய உடைகளில் தேர்வு குறைவு. உள்ளாடை போன்றவற்றைப் புதிதாக வாங்குவதே முறை. மற்றவற்றை வாங்கியதும் நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பின்னரே உடுத்த வேண்டும். இவற்றை அறிந்து, தேவையானதை மட்டும் எடுத்து, பழுது பார்த்து, நைந்து போகும்வரை உடுத்துபவருக்கு, பழைய உடை செலவையும் மிச்சப்படுத்தும். தன்னைத் தானாகக் காட்டிக்கொள்ளும் துணிவையும் தரும்.