கப்பல்மேல் வழக்கு

ஜான் பிக்ஸ் என்ற பெயரை முதலில் படித்தது அண்ணாமலைநகரில். பல்கலைக்கழக நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிக்கக் காலையிலேயே போய்விடுவோம். அப்படி ஒருநாள் பரீட்சைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சென்னைப்பட்டணத்து நீதிமன்றங்களின் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போர்ட்ஸ்மத் நகரத்தில் ரெக்கார்டர் என்ற நகர நீதிபதியாக இருந்த சர் ஜான் பிக்ஸ், 1687ல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து இறங்கினார். கடல் வழக்கு கேட்பதற்கென்றே கப்பலேறி வந்த, சட்டம் படித்த நீதிபதி. 1689ல் இறந்துபோனார். வழக்கு என்றால் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு என்று வளர்ந்த பையனுக்கு, கடலுக்கென்று தனியாக ஒரு நீதிபதி இருந்தார் என்பதே ஆச்சரியமாக இருந்தது.

இங்கிலாந்தில் அது பழைய ஏற்பாடு. பதினான்காம் நூற்றாண்டிலேயே அட்மிரலின் பெயரால் நீதிமன்றம் நடந்திருக்கிறது. பல தேசத்து வணிகர்கள் வந்துபோகும் இடம் என்பதால், அங்கே உள்நாட்டு வழக்கச் சட்டம் செல்லாது. ரோமானியச் சட்டம் படித்தவர்கள்தான் நீதிபதியாக உட்கார்வார்கள். கப்பல் வழக்குகளில் ஜூரியும் கிடையாது. நீதிபதிக்கு முன்னால் மேசைமேல் வெள்ளியில் செய்த துடுப்பு ஒன்று இருக்கும். அதுதான் அதிகாரத்தின் அடையாளம்.

அந்தத் துடுப்பு சோழமண்டலக் கரைக்கு வந்த காரணம் அவ்வளவு அழகானதல்ல. அன்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கொள்ளையரைவிடப் பெரிய தலைவலி, அனுமதி வாங்காமல் தனியாக வாணிபம் செய்ய வந்த சொந்த நாட்டுக்காரர்கள். தாமஸ் சாண்டிஸ் என்ற வணிகரின் கப்பலைத் தேம்ஸ் நதியிலேயே நிறுத்திவைத்தார்கள். கம்பெனி தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி ஜெஃப்ரீஸ் 1685ல் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னார். அதற்கு முன்பே, 1683ல், இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த சாசனத்தில் கம்பெனி தன் குடியிருப்புகளில் கடல் நீதிமன்றம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியாகிவிட்டது. சட்டம் படித்தவர் ஒருவர், வணிகர் இருவர். கப்பலையும் சரக்கையும் பறிமுதல் செய்யும் அதிகாரம் அவர்கள் கையில்.

அனுமதியில்லாத கப்பல்மேல் சென்னையில் கம்பெனியின் கண் இருக்கும். தெற்கே பரங்கிப்பேட்டையில் யார் வேண்டுமானாலும் நங்கூரம் போடலாம். 1681ல் கம்பெனி ஊழியர் எலிஹு யேல் செஞ்சிக்குப் போய், மராத்தியர்களிடம் கடலூர்ப் பக்கத்தில் பண்டகசாலை வைக்க அனுமதி கேட்டதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதே யேல் ஆளுநரானபின், 1690ல், தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார். பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் ஆங்கிலேயருக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்று இன்றும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம்.

பரங்கிப்பேட்டைக்குக் கல்லூரி நாட்களில் அடிக்கடி போவேன். சிதம்பரத்திலிருந்து பு.முட்லூர் வழியாக டவுன் பஸ். நண்பனின் வாப்பா, மரைக்காயர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இந்த ஊருக்கு மஹ்மூது பந்தர் என்று பெயர் இருந்ததையும், இங்கிருந்து துணியேற்றிக்கொண்டு அச்சே வரைக்கும் பாய்மரம் போனதையும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். திண்ணைத் தூணில் கயிறு உரசிய தழும்பு ஒன்று இருந்தது. பேசும்போதெல்லாம் அதில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஆங்கிலேயரின் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல் கடலில் படும் பாடு அவர் வீட்டுக் கதைகளில் நிறைய வரும். அந்தச் சீட்டைக் கொடுப்பவனும், இல்லாதபோது பிடிப்பவனும், பிடித்தது சரியா என்று தீர்ப்புச் சொல்பவனும் ஒரே வீட்டுக்காரன் என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

பதிவேடுகளும் அதையே சொல்கின்றன. பிக்ஸுக்குப்பின் 1692ல் ஜான் டோல்பென் வந்தார். 1694ல் லஞ்சப் புகாரில் நீக்கப்பட்டார். அடுத்து வில்லியம் ஃப்ரேசர், வணிகர். பிறகு கவுன்சில் உறுப்பினர்களே முறைவைத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் நீதிமன்றமே ஓய்ந்துபோனது. கம்பெனி சம்பளம் கொடுத்த நீதிபதியைக் கம்பெனியே கரைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் 1733. ஸ்வீடன் நாட்டுக் கம்பெனியின் கப்பல் ஒன்று, ராணி உல்ரிகா எலியோனோராவின் பெயரைத் தாங்கியது, பரங்கிப்பேட்டைக்கு வந்து பண்டகசாலை போட்டது. அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த ஒரு விஷயத்தில் கைகோர்த்தார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சிப்பாய்கள் போய்ப் பண்டகசாலையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய சண்டையெல்லாம் இல்லை. விஷயம் இரண்டு நாட்டு அரசுகளுக்கிடையே இழுபறியாகி, கடைசியில் பிரிட்டிஷ் அரசு இழப்பீடு கொடுத்து முடித்தது.

இதைப் படித்த பிறகுதான் லண்டன் கடல் நீதிமன்றத்தில் 1798லிருந்து 1828 வரை நீதிபதியாக இருந்த வில்லியம் ஸ்காட், பின்னாளில் ஸ்டோவெல் பிரபு, எனக்கு முக்கியமானவராகப் பட்டார். 1799ல் 'மரியா' என்ற ஸ்வீடன் கப்பலின் வழக்கு அவர்முன் வந்தது. லண்டனில் உட்கார்ந்திருந்தாலும், ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருந்தால் என்ன தீர்ப்புச் சொல்வாரோ அதையே கடல் நீதிபதி சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டுக் கப்பலை ஸ்வீடன்காரர்களுக்கு எதிராகவே பறிமுதல் செய்தார். ஆனாலும் அந்த அளவுகோலை ஒரு நீதிபதி தன் வாயால் சொல்லிவைத்தது பெரிய காரியம். பரங்கிப்பேட்டையில் 1733ல் அதைச் சொல்ல ஆள் இல்லை.

சென்னையில் அந்த அதிகாரம் கைமாறிக்கொண்டே வந்தது. 1801ல் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் தலைமையில் சுப்ரீம் கோர்ட், 1862ல் உயர்நீதிமன்றம். 1891ல் வந்த சட்டத்தின்படி, 1861ல் இங்கிலாந்து கடல் நீதிமன்றத்துக்கு இருந்த அதிகாரம்தான் இங்கேயும் என்று நின்றுபோனது. சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டு கழித்தும் நம் நீதிபதிகள் விக்டோரியா காலத்து ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1992ல் 'எலிசபெத்' கப்பல் வழக்கில் நீதிபதி தொம்மன் அந்தக் கட்டை அறுத்தார். இந்திய உயர்நீதிமன்றங்களின் அதிகாரம் 1861ல் உறைந்துபோன ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். நமக்கென்று சொந்தச் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதெல்லாம் எனக்கு வெறும் வரலாறாக இல்லாமல் போனதற்குக் காரணம் கடலூர் முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். வெளிநாட்டுக் கொடி கட்டிய சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் சம்பளம் வராமல் ஊர் திரும்பினார். "கம்பெனி பனாமாங்கறான், ஆபீஸு துபாய்ங்கறான், ஆளெடுத்தவன் போனையே எடுக்கல. யாரு மேலதான் கேஸு போடறது?" என்று என் அப்பாவிடம் கேட்டார். கூட இருந்த வயதான வக்கீல் குமாஸ்தா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கப்பல் மேலயே போடு தம்பி. ஆனா இங்க இல்ல, மெட்ராஸ் ஐகோர்ட்டுல" என்றார்.

ஜான் பிக்ஸ் கொண்டுவந்த வித்தை அதுதான். முதலாளி எந்தத் தேசத்தில் ஒளிந்திருந்தாலும் கப்பலே பிரதிவாதி. ஒருகாலத்தில் கைது உத்தரவைக் கொடிமரத்தில் ஆணியடித்தார்கள். இப்போது சுக்கான் அறைக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். துறைமுகம் புறப்பட அனுமதி தராது. பிணைத்தொகை கட்டினால் கப்பல் விடுதலை, கட்டாவிட்டால் ஏலம். கப்பல்மேல் உள்ள கடல்சார் உரிமைகளில் மாலுமி சம்பளத்துக்கே முதலிடம். கம்பெனி தன் போட்டியாளரை நசுக்க வைத்திருந்த கருவி, சம்பளம் வாங்காத முதுநகர்ப் பையனுக்கும் உதவுகிறது.

அண்ணனுக்கு உதவவில்லை. அவருடைய கப்பல் பின்னால் சென்னைக்கு வந்து, சரக்கிறக்கி, போய்விட்டது. எங்களுக்குச் சேதி தெரிந்தபோது அது கடலில் எங்கோ இருந்தது.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் நின்ற மீனவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வாளிகளில் கரிய குழம்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கடலூர்க் கரையிலும் நாளை அது நடக்கலாம்; அப்போதும் கேள்வி, யார்மேல் வழக்கு என்பதுதான்.

ஆகவே, தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை, பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பும் வீட்டாருக்கும் வலை போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெயரும் கொடியும் மாறினாலும் அந்த எண் மாறாது. வேலை ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வையுங்கள். சம்பளப் பாக்கிக்காகக் கப்பல்மேல் உள்ள உரிமை இரண்டு ஆண்டுதான் நிற்கும், படகு சேதம் போன்றவற்றுக்கு ஓராண்டுதான். அதற்குள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்; தமிழ்நாட்டுக் கரையில் நிற்கும் கப்பல்மேல் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில்தான் நடக்கும்.