இரண்டு திருகாணிகள்

பெரம்பூரில் ஒரு மாடி அறை. ஜன்னலோரம் பழைய தையல் மிஷின் மேசை. மிஷினைக் கழற்றிவிட்டு மேலே கண்ணாடிப் பலகை போட்டிருக்கிறார் பெரியவர். பட்டறை அவ்வளவுதான். ஐ.சி.எஃப். பெயிண்ட் ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு வண்ணமடித்து ஓய்வு பெற்றவர். டிரம் டிரம்மாகப் பெயிண்ட் கலக்கிய கை, இப்போது இருமல் மருந்து மூடியில் ஐஸ்கிரீம் குச்சியால் கலக்குகிறது.

முன்னால் கிடப்பது ஒரு ஜாகுவார் இ-டைப். உள்ளங்கையில் அடங்கிவிடும். அசல் கார் 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. பொம்மைக்கு அச்சு செய்தது லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ கம்பெனி. அங்கே பெயர் டிங்கி டாய்ஸ். 1960களின் கடைசியில் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு விலைபோயின. அங்கே வார்த்தவை 'நிக்கி டாய்ஸ்' என்று நம்மூர்க் கடைகளுக்கு வந்தன. இது கல்கத்தா வண்டி. சிவப்பு பாதிக்கு மேல் உரிந்து, டயர் காய்ந்து வெடித்து, முன்சக்கரம் ஒன்று கோணிக்கொண்டிருக்கிறது.

கொண்டுவந்தவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். அப்பா விளையாடிய கார்.

"ஐயா, புதுசு மாதிரி ஆயிடணும்."

பெரியவர் பதில் சொல்லவில்லை. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு காரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவர் தேடுவது பெயிண்டை அல்ல, விரிசலை. இந்தக் கார்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வார்க்கும்போது அதில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டாலும், வருஷம் போகப் போக உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகள் பல அப்படித்தான் போயின. அதற்கு வைத்தியம் கிடையாது.

"உடம்பு நல்லா இருக்கு தம்பி. விட்டுட்டுப் போங்க."

அடித்தகட்டைப் பிடித்திருப்பவை இரண்டு ரிவெட். கை டிரில்லை மெதுவாகச் சுற்றுகிறார். தலையை மட்டும் சீவ வேண்டும்; ஆழமாகப் போனால் தண்டே போய்விடும். வெள்ளிச் சுருள்கள் விழுகின்றன. தகடு கழன்றதும் கண்ணாடி, சீட், சக்கரம் எல்லாம் மாத்திரை டப்பாவின் தனித்தனி அறைகளுக்குப் போகின்றன. தகட்டை மட்டும் துணியால் துடைத்து அப்படியே ஓரமாக வைக்கிறார். அது மூடியிருந்த விளிம்பில் வெயில் படாத சிவப்பு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கலர் மேட்ச் செய்ய அதுதான் சாட்சி. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, மூடியில் ஒரு சொட்டு கறுப்பு விடுகிறார்; பார்க்கிறார்; இன்னும் அரைச் சொட்டு.

பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுகிறவர்கள் உண்டு. இவர் போடுவதில்லை, காஸ்டிக் துத்தநாகத்தையும் தின்னும். ரிமூவரைத் தடவிவிட்டுக் காத்திருக்கிறார். சிவப்பு, எண்ணெயில் போட்ட அப்பளமாய்ப் பொரிந்து எழும்புகிறது. பழைய பொம்மைப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலரத் தேய்ப்பதே இல்லை. வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்க்கிறார். படியில் பேரனின் காலடி கேட்கிறது.

"கீழயே இரு கண்ணா. இப்ப வராத."

பானெட் ஓரமாக மயிரிழை போல ஒரு மேடு ஓடுகிறது. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். வேலை எப்படிப் போகிறதென்று பார்க்க வந்தவர் அதை விரலால் தடவுகிறார்.

"இந்தக் கோட்டையும் தேச்சு எடுத்துடலாமே ஐயா?"

"அது ஃபாக்டரியிலயே வந்தது தம்பி. அத எடுத்தா அப்புறம் நான் செஞ்ச காராயிடும்."

பிரைமர் அடித்துக் காய்ந்தாயிற்று. மழை பெய்து ஓய்ந்த காலை. பெயிண்ட் தயார், ஆள் தயார், ஆனால் ஏர்பிரஷ்ஷைத் தொடவில்லை. அடிக்கப்போவது டூகோ. காற்றில் ஈரம் இருந்தால் தின்னர் ஆவியாகிற வேகத்தில் பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து, சிவப்பின் மேல் பால் படர்ந்துவிடும். வெயில் ஏறும்வரை செய்தித்தாள் படிக்கிறார்.

பன்னிரண்டு மணிக்கு எழுந்திருக்கிறார். காருக்கு வெளியே காற்றில் விசையை அழுத்தி, காரைக் கடந்து, வெளியே போன பிறகுதான் விடுகிறார். கார் மேலேயே தொடங்கினால் அங்கே ஒரு சொட்டு கனத்து நிற்கும். இந்த அளவில் கனம்தான் எதிரி. நிஜக் காரின் பெயிண்ட் ஏறக்குறைய 100 மைக்ரான். அதே கனத்தை 43இல் ஒரு பங்கான இந்தக் காரில் ஏற்றினால், நிஜக் காரில் 4.3 மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். கதவுக் கோடுகள் மூழ்கிவிடும். அந்த 43கூட ரயில் கணக்குதான். அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற ஓ கேஜ் பொம்மை ரயில்களுக்குத் துணையாகத்தான் மெக்கானோ 1930களில் இந்தச் சின்ன வண்டிகளைத் தொடங்கியது.

மெல்லிய பூச்சுகள், நடுவே நீண்ட இடைவெளிகள். கடைசியில் நாலைந்து மயிர் மட்டும் விட்டுவைத்த பிரஷ்ஷால் முன்விளக்கைச் சுற்றி வெள்ளி. அந்த வளையம் முடியும்வரை மூச்சு வெளியே வருவதில்லை.

பூட்டுகிற நாள். ரிவெட் தண்டுகளில் துளையிட்டு, மரை வெட்டி, இரண்டு குட்டித் திருகாணிகளை முடுக்குகிறார். புது டயர் பளிச்சென்று இருக்கிறது. வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. காரைத் திருப்புகிறார், சிரிப்பு கொஞ்சம் குறைகிறது. அடித்தகட்டில் பழைய கீறலெல்லாம் அப்படியே, நடுவில் இரண்டு ஸ்க்ரூ.

"இத ரிவெட் மாதிரியே மூடிட முடியாதா ஐயா?"

"முடியும். எபாக்ஸி வச்சு உருட்டிவிட்டா கண்டே பிடிக்க முடியாது."

"அப்ப செய்யலாமே?"

"மேல இருக்கிறது நான் அடிச்ச பெயிண்ட். கீழ பார்த்தாவது தெரியணும்ல?"

சேகரிப்பவர்கள் சந்தையில், அங்கங்கே உரிந்திருந்தாலும் அசல் பெயிண்டுக்குத்தான் மதிப்பு. மறுபடி வண்ணமடித்தது எத்தனை அழகாக இருந்தாலும் விலை இறங்கும். விவரம் தெரிந்தவர் காரைக் கையில் எடுத்ததும் அடியில் ரிவெட்டைத்தான் பார்ப்பார்.

"நான் விக்கவா போறேன் ஐயா?"

"நீங்க விக்க மாட்டீங்க தம்பி. உங்களுக்கு அப்புறமும் இது இருக்கும்ல. அப்ப வாங்குறவன் ஏமாறக் கூடாது."

கூலியை எண்ணி வாங்கி, ரசீதில் காரின் பெயரை எழுதுகிறார். பக்கத்தில் 'ரீபெயிண்ட்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போடுகிறார்.