சுரைக்குடுக்கை

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குச் செல்வோர் சுரைக்காயைக் கறிக்குரிய காயாகவே அறிவர். இளங்காயாகப் பறித்தால் அது கூட்டுக்கு உதவும். கொடியிலேயே முற்றவிட்டால் அதன் தோல் மரம்போல் இறுகும், சதை வற்றும், அசைத்தால் விதைகள் கலகலக்கும். துளையிட்டு உள்ளீட்டை அகற்றினால் அதுவே சுரைக்குடுக்கை. பதநீர் இறக்குவோர்க்கு அது கலம், நீந்தப் பழகுவோர்க்கு மிதவை, பாம்பாட்டிக்கு மகுடி.

இசைக்கும் அது துணை நின்றது. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியின் திருவுருவம் திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாகக் கொண்டுவரப்படுகிறது. பத்மநாபசுவாமி கோயிலை அடுத்த நவராத்திரி மண்டபத்தில் இசைவிழா நடைபெறுகிறது. அத்தெய்வத்திற்குரிய கருவி வீணை. தஞ்சாவூர் வீணையின் பெரிய குடம் பலாமரத்தில் குடையப்படுவது. மறுமுனையில், வாசிப்பவரின் இடத்தொடையில் அமரும் சிறிய குடம் முற்காலத்தில் சுரைக்குடுக்கையாகவே இருந்தது. 2013ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும், இன்று பல வீணைகளில் காகிதக்கூழால் செய்த குடமே காணப்படுகிறது.

குடம் மாறினாலும் வீணை ஒலிக்கத்தானே செய்கிறது, இதனால் இழப்பு என்ன என்று கேட்கலாம். எந்தக் காய் ஏற்றது, எப்பருவத்தில் பறிப்பது, வெடிக்காமல் எவ்வாறு உலர்த்துவது என்னும் அறிவு கையோடு கைபழகி வருவது. பயன்பாடு நின்றால் அவ்வறிவும் நின்றுவிடும்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் இவ்வாறே நிகழ்ந்தது. முன்னோர் மரக்கலங்களில் வந்து குடியேறியபோது சுரை விதையையும் உடன் கொண்டுவந்தனர். அங்கே சுரைக்குடுக்கைக்கு ‘இப்பு’ என்று பெயர். இரு குடுக்கைகளை இணைத்துச் செய்யும் ‘இப்பு ஹெக்கே’ என்னும் தாளக்கருவி ஹூலா நடனத்திற்கு இசைக்கப்படுகிறது. நீஹாவ் என்னும் சிறு தீவினர் குடுக்கையின் மேல்தோலைக் கோலமாகச் சுரண்டி, உள்ளே சாயம் ஊற்றுவர். சாயம் உள்ளிருந்து ஊறி ஓட்டில் ஓவியமாகப் பதியும். கற்பிப்பார் இன்மையால் இக்கலை வழக்கொழிந்தது. அருங்காட்சியகங்களில் பழைய குடுக்கைகள் இருந்தன. செய்யும் கைகள் இல்லை. பின்னர், புரூஸ் கைமிலோவா கிறிஸ்மன் என்னும் கலைஞர் பலகால் முயன்று அம்முறையை மீட்டெடுத்தார். இன்று ஹவாய்க் கலைஞர் பலர் அம்முறையில் குடுக்கைகளை அணிசெய்கின்றனர். தம் முன்னோரின் கைவண்ணம் தம் கையால் மீண்டும் உருப்பெறுவது அவர்களுக்குப் பெருமிதம் தருகிறது.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. கண்ணாடிப் பேழையில் உள்ள குடுக்கையும் அத்தகையதே. அதனைப் பார்த்து வியக்கலாம், அதுவே தொழிலைக் கற்றுத் தராது. வீட்டிலுள்ள பெரியோர் அறிந்த கைத்தொழில் எதுவாயினும், பாய் முடைதலோ ஓலை பின்னுதலோ, அதனை இளையோர் ஒருமுறையேனும் அருகிருந்து செய்து பழகுதல் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலும் சுரை படரும். அதில் ஒரு காயை மட்டும் பறிக்காமல் முற்றவிட்டால் போதும்; கற்பது அங்கே தொடங்கும்.