விதைக்கிழங்குக்கு ஒரு தேன் கேக்

உக்ரைனில் தேன் கேக்குக்கு மெடிவ்னிக் என்று பெயர். கோதுமை மாவு, முட்டை, தேன், கொஞ்சம் பட்டை, கிராம்பு. சுட்ட அன்றைக்கே வெட்டினால் கெட்டியாக இருக்கும். இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால்தான் தேன் ஊறி மிருதுவாகும். அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்குத்தான் இது விசேஷம். ராயபுரத்தில் ஒரு வீட்டில் 2024 ஈஸ்டருக்குச் செய்தார்கள், விற்பதற்காக.

அந்த வீட்டு அம்மா பல வருஷமாக வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். டிசம்பரில் பிளம் கேக், மற்ற மாதங்களில் பிறந்தநாள் கேக். அவருக்கு மெடிவ்னிக்கைச் சொல்லிக் கொடுத்தது மகன். வின்னித்சியா என்ற ஊரில் மருத்துவம் படித்துக் கொண்டிருந்த பையன். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்க, பஸ் பிடித்து, நடந்து, எல்லையைத் தாண்டி, 'ஆபரேஷன் கங்கா'வின் 90 விமானங்களில் ஒன்றில் ஏறி வந்து சேர்ந்தான். கையில் ஒரு பை, படிப்பில் பாதி. மீதியை எங்கே முடிப்பது என்ற கவலையில் அந்த வீடு இரண்டு வருஷம் சரியாகத் தூங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் சூரியகாந்தி எண்ணெய் விலையும் ஏறியது. போருக்கு முன்பு இந்தியாவுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து கப்பலேறி வந்ததுதான். பையன் திரும்பி வந்துவிட்டான், எண்ணெய் வரவில்லை என்று தெருவில் கேலி பேசினார்கள்.

அங்கே விடுதியைச் சுத்தம் செய்ய ஒரு பாட்டி வருவாராம். ஈஸ்டர் வந்தால் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடை நிறைய ரொட்டி கொண்டுவருவார். முட்டையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்த்து, ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்து, உயரமாகச் சுட்ட இனிப்பு ரொட்டி. கோயிலில் மந்திரித்த பிறகுதான் வெட்டுவார்கள். அதற்குப் பெயர் பாஸ்கா. "நம்ம பாஸ்காவா?" என்று அம்மா ஆச்சரியப்பட்டார். ஆமாம், அதே சொல்தான். ராயபுரத்துக் கத்தோலிக்க வீடுகளில் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் புழங்கும் சொல், அங்கே ரொட்டியின் பெயராக இருக்கிறது.

கேக்குக்கென்றே அந்த நாட்டில் ஒரு தனி உலகம் உண்டு. கல்யாணத்துக்குக் கொரோவாய் என்ற பெரிய ரொட்டி. மாவிலேயே பறவை, பூ, கதிர் எல்லாம் செய்து மேலே ஒட்டுவார்கள். சுமங்கலிப் பெண்கள் கூடிப் பாடிக்கொண்டே மாவு பிசைவது மரபு. கீவ் கேக் என்று ஒன்று, 1956ல் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் பிறந்தது. முட்டை வெள்ளைக்கருவை மொறுமொறுப்பாகச் சுட்டு, கொட்டைகள் போட்டு அடுக்குவது. ஆரம்பத்தில் அதில் இந்திய முந்திரிதான் போட்டார்கள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டாம். பண்ருட்டிக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

பாட்டியின் தங்கை வீடு கக்கோவ்கா அணைக்குக் கீழே ஒரு கிராமத்தில். 2023 ஜூன் 6 அன்று அணை உடைந்து அந்தப் பக்கமெல்லாம் வெள்ளம். வீட்டுக் கொல்லையில் போட்டிருந்த உருளைக்கிழங்கு அழுகியது. வெளி வயலில் இறங்கலாம் என்றால் கண்ணிவெடி பயம். அங்கே கொல்லை உருளைக்கிழங்குதான் குளிர்காலச் சாப்பாடு, நம் வீட்டு அரிசி மாதிரி. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு போர் தொடங்கிய வருஷமே சிறு குடும்பங்களுக்கு விதைக்கிழங்கு கொடுத்தது. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் எட்டிவிடுமா? கேக் விற்று அந்தத் தங்கைக்கு விதைக்கிழங்குக்குப் பணம் அனுப்பலாம் என்றான் பையன். படிப்பை முடிக்கத் திரும்பிப் போயிருந்த தோழன் ஒருவன் நேரில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "எண்ணூர்ல பெரியம்மா வீட்டு வலை கறுத்துக் கெடக்கு. நீ உக்ரைனுக்குக் கெழங்கு வாங்கித் தரப் போறியா?"

கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கச்சா எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் தார் போல ஒட்டியது. அரசு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாயும் அறிவித்தது. எண்ணெய் ஊறிய வலையைக் கழுவி எடுக்க முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். புது வலை விலை மீனவர் வீடுகளுக்குத் தெரியும்.

அந்த எண்ணெய் வந்த வழிகளில் ஒன்று பக்கிங்காம் கால்வாய். பெயருக்குச் சொந்தக்காரர் பக்கிங்காம் கோமகன், தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை கவர்னர். 1877-78ல் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியவர்களே பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்கள்தான். துறைமுகம் இன்னும் கட்டி முடியாத காலம். பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த அரிசியை மசூலா படகுகளில் இறக்கிக் கடற்கரையில் மலையாகக் குவித்துக் காவல் போட்டார்கள். உள்ளே ஊர் ஊராகச் செத்துக் கொண்டிருந்தார்கள்.

1877 ஆகஸ்டில் அந்த கவர்னர் தலைமையில் சென்னையில் பொதுக்கூட்டம் நடந்தது. இங்கிலாந்து மக்களிடம் உதவி கேட்டார்கள். லண்டன் மேயர் நிதி திரட்டினார். ஆஸ்திரேலியாவிலிருந்தும் பணம் வந்தது. சென்னையில் அதன் செயலாளராக இருந்த பத்திரிகை ஆசிரியர் வில்லியம் டிக்பி பிறகு இதையெல்லாம் இரண்டு பாகமாக எழுதி வைத்தார். அந்தப் பணத்தின் பெரும்பகுதி கஞ்சிக்குப் போகவில்லை. கஞ்சித் தொட்டி சர்க்கார் பொறுப்பு. நிதிப்பணம் போனது விதை நெல்லுக்கும், உழவு மாட்டுக்கும், ஏருக்கும், கூரை போடவும். மழை வந்துவிட்டது, ஆனால் விதையைத் தின்றுவிட்டிருந்தான் குடியானவன். மாடு செத்துப் போயிருந்தது.

அதை வெறும் புண்ணியக் கணக்கில் சேர்க்க முடியாது. பஞ்ச வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்ததும் அதே ஆட்சிதான். உக்ரைனிலும் 1932-33ல் ஸ்டாலின் ஆட்சி விளைந்ததை வாரிக்கொண்டு போய் லட்சக்கணக்கில் சாகவிட்டது. உலகத்துக்கே கோதுமை கொடுக்கும் கரிசல் பூமி அது. இருந்தாலும், செங்கல்பட்டையும் வடஆற்காட்டையும் கண்ணால் பார்த்திராத யாரோ கொடுத்த காசில் இங்கே ஒரு ஜோடி மாடு வாங்கினார்கள் என்பதும் உண்மைதானே.

தாது வருஷம் என்ற பெயரை அந்த வீட்டுப் பாட்டி கேட்டிருக்கிறார். "எங்க ஆயா சொல்லும்" என்றார், அவ்வளவுதான். அவர் தன் கணக்குக்குச் சொன்னது வேறு: சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பால் பவுடர் கரைத்துக் கொடுத்ததும், அது தொண்டையில் இறங்காததும்.

கடைசியில் தீர்ப்பு அம்மாவுடையது. கேக் போடலாம். காசில் பாதி எண்ணூருக்கு, பாதி கிழங்குக்கு. பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் பிரித்தார். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அடுப்பு அணையவே இல்லை. முதல் இரண்டு கேக் அடிப்பிடித்தது. தேன் சேர்த்தால் சீக்கிரம் நிறம் ஏறிவிடும், சூட்டைக் குறைக்க வேண்டும் என்று பிறகு பிடிபட்டது. வாங்கியவர்களில் சிலர் கிரீம் இல்லையே என்றார்கள். சிலர் மறுபடி கேட்டார்கள்.

மே மாதம் போனில் ஒரு படம் வந்தது. கறுப்பு மண்ணில் வரிசையாகக் குழிகள், ஓரத்தில் ஒரு வாளி நிறையக் கிழங்கு. பெரியம்மா வந்திருந்தபோது பையன் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"முளை வுட்டுருக்கா பாரு. முளை வுடாதத போட்டா வராதுடா."